வெளிநாட்டுப் பழைய கார்: நீங்களே இறக்குவதா, ஏஜென்ட் வழியா, இறங்கியதை வாங்குவதா?

வெளிநாட்டுப் பழைய கார் வாங்கும் ஆசையோடு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த மாடல் நல்லது?" என்பதுதான். நான் முதலில் கேட்பது, "உங்கள் நாட்டில் அதற்கு நம்பர் கிடைக்குமா?" என்று. எஞ்சின் சத்தமே இல்லாமல் ஓடலாம், பெயின்டில் ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கலாம். பதிவு ஆகாவிட்டால் அந்தக் காரைச் சாலையில் இறக்க முடியாது. அதனால் விலையை மட்டும் வைத்துப் பார்க்காமல், நம்பர் பிளேட் மாட்டும் வரை எந்த வழியில் யார் தலையில் எந்த வேலை விழுகிறது என்று பார்ப்போம்.

எந்த வழியில் போனாலும் முதல் கேள்வி காரின் வயதுதான். இந்தியா 3 ஆண்டுக்கு மேற்பட்ட பழைய காரை விடுவதில்லை. கென்யாவில் வரம்பு 8 ஆண்டு. அமெரிக்காவில் கதை தலைகீழ்: அந்நாட்டுப் பாதுகாப்பு விதிகளுக்கேற்பத் தயாரிக்கப்படாத காருக்கு 25 வயது ஆகியிருந்தால் சுலபமாக உள்ளே வரும், கனடாவில் அதற்கு 15 வயது போதும். இந்த வயதை எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை எண்ணுகிறார்கள் என்பதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். தயாரித்த மாதத்திலிருந்தா, முதல் பதிவிலிருந்தா? கப்பல் ஏறிய நாள் வரையா, துறைமுகத்தில் இறங்கிய நாள் வரையா? வாங்கும்போது வரம்புக்குள் இருந்த கார் நடுக்கடலில் வரம்பைத் தாண்டிவிடலாம். பணம் அனுப்பும் முன் இதைப் பதிவு அலுவலகத்திடமும் சுங்கத்திடமும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நீங்களே இறக்கும் வழி. இதில் இடைக்காரர் கமிஷன் மிச்சம். ஆனால் விற்பவரைத் தேடுவது, பணம் அனுப்புவது, அந்த நாட்டுப் பதிவை ரத்து செய்ய வைப்பது, கப்பலில் இடம் பிடிப்பது, சுங்கம், மொழிபெயர்ப்பு, பரிசோதனை எல்லாம் உங்கள் வேலை. வரிக் கணக்கும் நீங்களே போட வேண்டும். கார் விலைக்கு மட்டும் வரி என்று நினைத்துப் பலர் தொடங்குகிறார்கள். பெரும்பாலான நாடுகளில் கார் விலை, கப்பல் கட்டணம், காப்பீடு மூன்றையும் கூட்டித்தான் சுங்க வரி. கார் 100, கப்பலும் காப்பீடும் 20 என்று வைத்துக்கொள்வோம். சுங்க வரி 25 சதவீதம் என்றால் 120-க்கு 30 சேர்ந்து 150 ஆகிறது. அதன்மேல் 20 சதவீத விற்பனை வரி என்றால் இன்னொரு 30. ஆக 100-க்கு வாங்கிய கார் 180-ல் நிற்கிறது. துறைமுகச் செலவும் பதிவுச் செலவும் இன்னும் தொடங்கவே இல்லை. நீங்கள் காட்டும் பில்லைச் சுங்கம் அப்படியே ஏற்க வேண்டும் என்பதும் இல்லை. தன் விலைப்பட்டியலை வைத்து மதிப்பைக் கூட்டலாம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகும் லாபம் தெரிந்தால் மட்டும் மேலே போங்கள்.

இரண்டாவது வழி, ஏஜென்ட். ஜப்பானிய ஏலங்களில் வெளியார் நேராக விலை கேட்க முடியாது. உறுப்பினராக உள்ள டீலர்தான் கேட்க வேண்டும். ஆகவே அங்கிருந்து ஏலத்தில் எடுப்பதென்றால் ஏஜென்ட் இல்லாமல் நடக்காது. அவர் அனுப்பும் ஏலத் தாள் ஒரே பக்கம்தான், ஆனால் காரின் ஜாதகம் அதில் இருக்கிறது. மூலையில் ஒரு கிரேடு: 4.5 என்றால் நல்ல நிலை, 3.5 என்றால் ஓரளவு அடிபட்டது, ஆர் என்றால் விபத்தில் சிக்கிப் பழுது பார்த்தது. நடுவில் காரை விரித்துப் போட்டது போல ஒரு கோட்டுப் படம், அதன்மேல் ஆங்கில எழுத்துகள். ஏ என்றால் கீறல், யு என்றால் பள்ளம், டபிள்யூ என்றால் தட்டிப் பெயின்ட் அடித்த அலை, எஸ் என்றால் துரு, இரண்டு எக்ஸ் என்றால் அந்தப் பாகத்தையே மாற்றியிருக்கிறார்கள். எழுத்தோடு வரும் எண் கூடக்கூடச் சேதமும் பெரிது. ஓரத்தில் பரிசோதகர் கையால் ஜப்பானிய மொழியில் எழுதிய குறிப்பு இருக்கும். ஏஜென்ட் பெரும்பாலும் கிரேடை மட்டும் சொல்லிவிட்டுக் குறிப்பை விட்டுவிடுவார். "அடியில் துரு", "கியர் மாறும்போது அதிர்வு" என்பதெல்லாம் அங்கேதான் எழுதியிருக்கும். மொழிபெயர்த்துத் தரச் சொல்லுங்கள். தயங்குகிற ஏஜென்டை விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

ஏஜென்டின் விலையைக் கேட்கும்போது அது எதுவரை என்று கேளுங்கள். கப்பல் ஏற்றும் வரையா, உங்கள் துறைமுகம் வரையா, சுங்கம் முடித்து வாசலில் நிறுத்தும் வரையா? மூன்றும் மூன்று விலை. இரண்டு ஏஜென்டுகளை ஒப்பிடுகிறவர்கள் ஒருவரிடம் முதல் விலையையும் இன்னொருவரிடம் மூன்றாவதையும் வாங்கி வைத்துக்கொண்டு குழம்புவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

என் அனுபவம் ஒன்று சொல்கிறேன். நான் எடுத்த காரின் சேசிஸ் எண்ணில், அதாவது காரின் உடற்சட்டத்துக்கான அடையாள எண்ணில், ஒரு 8 இருந்தது. சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் கம்பெனி தரும் ரசீதான பில் ஆஃப் லேடிங்கில் அது ஆங்கில எழுத்து பி என்று விழுந்துவிட்டது. சுங்கத்தில் காகிதத்தையும் காரில் அந்த எண் பொறித்த தகட்டையும் ஒப்பிட்டவர் ஃபைலை மூடி என் கையிலேயே கொடுத்துவிட்டார். திருத்தம் போட வேண்டியது கப்பல் கம்பெனி. அதற்கு விண்ணப்பிக்க வேண்டியது அங்கே காரை ஏற்றியவர். 11 நாள் ஆனது, ஒவ்வொரு நாளுக்கும் துறைமுக வாடகை ஏறியது. ஏஜென்ட் இருந்ததால் அவரையே துரத்த முடிந்தது. காரை விற்றுவிட்டு நகர்ந்த ஒரு தனிமனிதரிடம் இதற்காகத் தொங்கிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன். அப்புறம் பழகிக்கொண்டேன்: கப்பல் கிளம்பும் முன்பே பில் ஆஃப் லேடிங்கின் வரைவு நகலை வரவழைத்து, தகட்டின் போட்டோவோடு எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்ப்பேன்.

கப்பலிலும் இரண்டு விதம். ரோரோ கப்பலில் காரை ஓட்டியே ஏற்றி ஓட்டியே இறக்குவார்கள். மலிவு, ஆனால் கார் ஓடும் நிலையில் இருக்க வேண்டும், பொதுவாக உள்ளே சாமான் வைக்க விடமாட்டார்கள். கன்டெய்னர் என்றால் பூட்டும் சீலும் உண்டு. ஆனால் உள்ளே அகலம் 2.35 மீட்டர்தான். 1.8 மீட்டர் அகலக் காரை நடுவில் நிறுத்தினால் பக்கத்துக்கு 27 சென்டிமீட்டர்தான் மிஞ்சும். ஓட்டியவர் ஜன்னல் வழியாகத்தான் வெளியே வருவார். சாதாரணக் காருக்கு ரோரோ போதும். அரிய காருக்கும் ஓடாத காருக்கும் கன்டெய்னர்.

மூன்றாவது வழி, வேறு யாரோ இறக்கிப் பதிவு செய்து ஓட்டிக்கொண்டிருக்கும் காரை வாங்குவது. விலை கூட. ஆனால் முதல் முறை வாங்குகிறவருக்கு நான் சொல்வது இதைத்தான். வயது, வரி, பரிசோதனை எல்லாம் தாண்டிவிட்டது கண்ணால் தெரிகிறது, ஓட்டிப் பார்க்கவும் முடிகிறது. இங்கே பார்க்க வேண்டியது வேறு. முதலாவது, வரிச் சலுகையில் வந்த காரா? குடிபெயர்ந்து வருகிறவர்கள் தங்கள் காரை வரியில்லாமல் கொண்டுவரப் பல நாடுகளில் சலுகை உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்குக் குறைந்தது 6 மாதம் கார் உங்கள் பயன்பாட்டில் இருந்திருக்க வேண்டும், 12 மாதம் ஒன்றியத்துக்கு வெளியே வசித்திருக்க வேண்டும், கொண்டுவந்தபின் 12 மாதம் விற்கக் கூடாது. அந்தக் கெடு முடியும் முன் கைமாறினால் விட்டுப்போன வரியைக் கட்ட வேண்டிவரும். இரண்டாவது, ஓடோமீட்டர். பிரிட்டனிலிருந்து வந்தது என்றால் ஆண்டுப் பரிசோதனை ஒவ்வொன்றிலும் எத்தனை மைல் ஓடியிருந்தது என்று பழைய நம்பரை வைத்து இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். ஜப்பான் கார் என்றால் அசல் ஏலத் தாளைக் கேளுங்கள். அமெரிக்கக் கார் என்றால் உரிமைச் சான்றில் சால்வேஜ், அதாவது பெருஞ்சேதம் அடைந்த கார் என்ற முத்திரை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

குடிபெயர்கிறவர்களுக்கான அந்த வரிச் சலுகை உங்களுக்கே கிடைப்பதாக இருந்தால், வேறு யோசனை வேண்டாம். நீங்கள் ஓட்டிய, நோய் தெரிந்த காரையே கொண்டுவாருங்கள்.

முதல் இரண்டு வழிகளிலும் காரில் செய்ய வேண்டிய மாற்றங்களுக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக் காரின் ஹெட்லைட் டிம்மில் இடது ஓரத்தை நோக்கித் தூக்கி அடிக்கும். வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் அது எதிரே வருபவர் கண்ணில் விழும், பரிசோதனையில் தேறாது. ஐரோப்பாவில் பின்பக்கம் மூடுபனி விளக்கு கட்டாயம், வேறு நாட்டுக் கார்கள் பலவற்றில் அது இருக்காது. அமெரிக்கக் கார்கள் பலவற்றில் பின் இண்டிகேட்டர் சிவப்பாக இருக்கும், ஐரோப்பாவில் ஆரஞ்சு வேண்டும். ஜப்பான் உள்நாட்டுக் காருக்கு மற்ற பல நாட்டுக் கார்களில் இருக்கும் 17 எழுத்து அடையாள எண்ணே கிடையாது, அதைவிடச் சிறிய சேசிஸ் எண்தான். காப்பீட்டுக் கம்பெனியின் கணினி 17 கட்டம் கேட்டு அடம் பிடிக்கும். ஆகவே இந்தக் கார்களுக்கு யார் பாலிசி தருகிறார்கள் என்று வாங்கும் முன்பே விசாரியுங்கள்.

பதிவு முடிந்ததும் சுங்க ரசீது, பில் ஆஃப் லேடிங், பழைய பதிவை ரத்து செய்த சான்று, அதன் மொழிபெயர்ப்பு எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். நாளைக்கு உங்களிடமிருந்து வாங்க வருகிறவர் முதலில் கேட்கப்போவது அந்த உறையைத்தான்.