திசு ஸ்லைடைத் தொலைவிலிருந்து படிக்க எது ஏற்றது: கைப்பேசிப் படமா, நேரலைக் கேமராவா, ஸ்கேனரா?

குடியாத்தத்தில் உள்ள எங்கள் பரிசோதனைக் கூடத்தில் திசுவை மெழுகில் பதித்து, வெட்டி, சாயமேற்றி ஸ்லைடாக்கத் தேர்ந்த டெக்னீஷியன் உண்டு. அதைப் படித்து அறிக்கை எழுதும் நோய்க்குறியியல் மருத்துவர் வேலூரில் இருக்கிறார். ஸ்லைடைப் படமாக அவரிடம் சேர்க்கும் மூன்று வழிகளை ஒப்பிட்டு, ஸ்கேனரையே வாங்கினோம். என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

விலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நுண்ணோக்கியின் கண்ணருகு வில்லையில் கைப்பேசியைப் பொருத்திப் படமெடுக்கப் பெரிய செலவில்லை, நுண்ணோக்கியில் பொருத்தி நேரலையாகக் காட்டும் கேமராவுக்கு ஓரளவு ஆகும், ஸ்கேனருக்கு லட்சக்கணக்கில் வேண்டும்.

என் முடிவைத் தீர்மானித்தது, ஸ்லைடில் எந்த இடத்தைப் பார்ப்பது என்பதை யார் தேர்ந்தெடுக்கிறார் என்ற கேள்விதான். கைப்பேசி முறையில் டெக்னீஷியனின் கண்ணுக்கு முக்கியமாகப் பட்ட சில இடங்கள் மட்டுமே மருத்துவரைச் சென்றடைகின்றன. எண்டோஸ்கோப்பி வழியாக எடுத்த இரைப்பைத் திசுவில், அரிசிக் குருணை அளவுள்ள நான்கு துணுக்குகளில் மூன்றில் வெறும் அழற்சி மட்டும் இருக்க, நான்காவதன் ஓரத்தில், உள்ளே சளி நிரம்பி உட்கரு ஒரு பக்கமாக ஒதுங்கிய சிக்னெட் ரிங் புற்றுச்செல்கள் கொஞ்சமாகச் சிதறிக் கிடக்கலாம். குறைந்த உருப்பெருக்கத்தில் அவை எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும். அந்த ஓரம் படத்தில் வராவிட்டால், படம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், எத்தனை அனுபவமுள்ள மருத்துவராலும் புற்றுநோயைக் கண்டுபிடிக்க முடியாது.

நேரலைக் கேமரா இந்தக் குறையைப் பெருமளவு தீர்க்கிறது. "கொஞ்சம் இடது பக்கம் நகர்த்துங்க, நாற்பதில் வையுங்க" என்று மருத்துவர் தொலைபேசியில் சொல்லச் சொல்ல டெக்னீஷியன் ஸ்லைடை நகர்த்துவார். அறுவை அரங்கில் நோயாளி காத்திருக்க, திசுவை உறையவைத்து உடனே வெட்டிப் பார்க்கும் உறைதிசுப் பரிசோதனைக்கு இது நல்ல வழி. ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும். இணையம் தடுமாறினால் படம் உறைந்துவிடும்.

ஸ்கேனர் ஸ்லைடு முழுவதையும் பதிவு செய்துவிடுகிறது. 40 மடங்கில் ஒரு பிக்சலுக்கு ஏறத்தாழ 0.25 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்றால், 15 மில்லிமீட்டர் சதுரத் திசுவுக்கு 60,000க்கு 60,000, அதாவது 360 கோடி பிக்சல்கள் ஆகின்றன. சுருக்கிய பிறகும் கோப்பு பல நூறு மெகாபைட் இருக்கும். ஆயினும் அப்போதைக்குத் தேவையான துண்டுகளை மட்டுமே மென்பொருள் அனுப்புவதால், மருத்துவர் தமக்கு வசதியான நேரத்தில் திறந்து, தாமே விரும்பிய மூலைக்குப் போகலாம், சந்தேகம் வந்தால் இன்னொருவரிடமும் காட்டலாம். மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017இல் இத்தகைய கருவி ஒன்றை முதன்மை நோயறிதலுக்கு முதன்முறையாக அனுமதித்தது. அந்நாட்டு நோய்க்குறியியல் மருத்துவர்களின் தொழில்முறை அமைப்பின் வழிகாட்டுதல், பயன்பாட்டுக்கு முன் குறைந்தது 60 நோயாளிகளின் ஸ்லைடுகளை ஒரே மருத்துவர் கண்ணாடியிலும் திரையிலும் இரண்டு வார இடைவெளியாவது விட்டுப் படித்து ஒப்பிட வேண்டும் என்கிறது. வாங்குவோர் இதை விட்டுவிடக் கூடாது.

ஸ்கேனரிலும் ஒரு கவனம் வேண்டும். திசு இருக்கும் இடத்தை எந்திரம் தானாகக் கண்டறியும்போது, வெளிறிய கொழுப்புத் துணுக்குகளை விட்டுவிடக்கூடும். எனவே அனுப்பும் முன் ஸ்கேனர் காட்டும் முழு ஸ்லைடின் சிறுபடத்தையும் கண்ணாடி ஸ்லைடையும் அருகருகே வைத்துச் சரிபார்க்கிறோம். உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு பராமரிப்புக்கு எவ்வளவு ஆகும் என்று சொல்லும் அளவுக்கு எங்களுக்கு இன்னும் அனுபவமில்லை. ஊசி மூலம் உறிஞ்சி எடுத்த செல் பூச்சுகள் தடிமனாக இருப்பதால் ஒரே குவியத்தில் எடுத்த படம் போதாது. காசநோய்க் கிருமியைத் தேடவும் குவியத்தை நுணுக்கமாக மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கிறது. இவ்விரண்டு வகையையும் இன்றும் கண்ணாடி ஸ்லைடாகவே வேலூருக்கு அனுப்புகிறோம்.