எச்சரிக்கை: 640 டாலருக்கு வந்த "முதல் பிரெஸ்"

640 டாலர். அமெரிக்க பங்க் இசைக்குழு மைனர் த்ரெட்டோட முதல் ஏழு அங்குல ரெக்கார்டு, 1981, டிஸ்கார்ட்ங்கிற லேபிள் (ரெக்கார்டு வெளியிடுற நிறுவனம்) போட்ட 3-ஆம் நம்பர். "முதல் பிரெஸ், கேரண்டி"ன்னு, அதாவது முதல் தடவை அடிச்ச பிரதிகள்ல ஒண்ணுன்னு, போட்டு ஒருத்தன் வித்தான். பார்சல் வந்து ஒன்பது நாள் ஆச்சு. உள்ள இருந்தது போலி. வாங்கினது பழைய ரெக்கார்டு வாங்க விக்கிற ஒரு ஆன்லைன் சந்தையில, பேர் எழுதலை, புகார் இன்னும் ஓடிட்டு இருக்கு.

முதல்ல உறை. அவன் போட்ட படத்துல வலது மேல் மூலையில ஒரு மடிப்பு, நடுவுல ரெக்கார்டு அழுத்தி விழுந்த வட்டத் தேய்மானம். விவரத்துலயும் ரெண்டையும் ஒளிக்காம எழுதியிருந்தான். குறையை அவனே சொல்றானே, நியாயமானவன்தான்னு தோணும் பாருங்க, ஏமாந்தது அங்கதான். கைக்கு வந்த உறையிலயும் அதே மூலையில அதே மடிப்பு இருந்தது. விரலால தடவினா ஒண்ணும் தட்டுப்படலை. காகிதம் வழவழன்னு, ஒரு தடவை கூட மடங்காம இருக்கு. மடிப்பையே அச்சடிச்சிருக்காங்க! யாரோ ஒருத்தரோட அசல் உறையை ஸ்கேன் பண்ணி, மடிப்பு, தேய்மானம், அழுக்கு எல்லாத்தையும் சேர்த்து அச்சுல ஏத்தியாச்சு.

பத்து மடங்கு லென்ஸ் வச்சு எழுத்தோட ஓரத்தைப் பார்த்தா நீலம், ரோஸ், மஞ்சள்னு புள்ளி புள்ளியா இறைஞ்சு கிடக்கு. அந்தக் காலத்து உறையில எழுத்து தனி மையில திட்டமா விழுந்திருக்கும், ஓரம் கத்தி மாதிரி நிக்கும். புள்ளி தெரிஞ்சா அது படத்தைப் படம் எடுத்த அச்சு, அவ்வளவுதான்.

இன்னொண்ணு. டிஸ்கார்ட் 1980-ல டீன் ஐடில்ஸ்ங்கிற குழுவோட ரெக்கார்டுக்காகத் தொடங்கினது. உறை செய்யத் தெரியாம, இங்கிலாந்துல வந்த ஒரு ஏழு அங்குல உறையைப் பிரிச்சு அளவு எடுத்து, அச்சடிச்ச தாளைக் கத்தரியால வெட்டி, மடிச்சு, பசை தடவி ஒட்டினாங்க. ஆரம்ப ரெக்கார்டுகள் பலதும் அப்படிக் கையால செஞ்ச உறைதான். அதனால ஒண்ணுக்கொண்ணு மில்லிமீட்டர் கணக்குல மாறும், ஒட்டின மடல் கோணலா இருக்கும். எனக்கு வந்ததுல ரெண்டு மடலும் இயந்திரம் வெட்டின நேர்க்கோடு. (புற ஊதா விளக்கு காட்டிப் பாருங்கன்னு சிலர் சொல்வாங்க. 1981 சரக்குக்கு அது ஒண்ணும் சொல்லாது. காகிதத்தை ஒளிர வைக்கிற வெண்மையூட்டி 1950-கள்லயே வந்தாச்சு.)

அடுத்து ரெக்கார்டு. கடைசிப் பாட்டுக்கும் மையத்துல ஒட்டின வட்டத் தாளுக்கும் நடுவுல இருக்கிற வெற்று வளையம், ரன்-அவுட். அவன் படத்துல அங்க கையால கீறின எழுத்து. வந்த ரெக்கார்டுல இயந்திரம் குத்தின எழுத்து. இதுல வாதாட இடமே இல்லை. அந்த எழுத்து லாக்கர் தட்டுல, அதாவது பாட்டை முதல்ல வெட்டுற மூலத் தட்டுல, கீறினது. அதுல இருந்துதான் உலோக அச்சு எடுக்கிறாங்க, அந்த அச்சுல அடிச்ச அத்தனை பிரதியிலயும் அதே கையெழுத்து இருந்தாகணும். போலி அடிக்கிறவன்கிட்ட அந்த அச்சு கிடையாது, புதுசா வெட்டணும், எழுத்து மாறிடும். ஆக, படத்துல இருந்தது ஒரு ரெக்கார்டு, பெட்டியில வந்தது வேற.

ஊசி வச்சா இன்னும் மோசம். பள்ளம் புத்தம் புதுசு, வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்தா ஒரு கீறல் இல்லை. ஆனா படபடன்னு கீறல் சத்தம் கேக்குது! ஊசி இறங்கினதும் கொஞ்ச நேரம் சுத்த அமைதி, பாட்டு தொடங்க ஒரு நொடி முன்னாடி இரைச்சல் சட்டுன்னு வருது, பக்கம் முடிஞ்சதும் சட்டுன்னு அறுந்து போகுது. பழைய ரெக்கார்டை ஓடவிட்டுப் பதிவு பண்ணி, அதை மறுபடி வெட்டினா இப்படித்தான் ஆகும். உண்மையான தேய்மானச் சத்தம் ஊசி தொட்ட இடத்துல இருந்தே வரும். எட்டுப் பாட்டும் சேர்ந்து ஒன்பது நிமிஷத்துக்குச் சொச்சம். அதுக்கு 640 டாலர். இதே லேபிள்தான் பின்னாடி ஃபுகாசிங்கிற குழுவோட ரெக்கார்டுகள்ல தபால் செலவோட விலை இவ்வளவுதான்னு அச்சடிச்சு வித்தது. வயிறு எரியுது.

பணம் போன விதம், ஒரு செயலி வழியா: 660 கேட்டான். "கமிஷன் மிச்சமாகும், நண்பருக்கு அனுப்புற மாதிரி அனுப்புங்க, 20 குறைச்சுக்கறேன்"னான். அதுக்கு முன்னாடி தேதி எழுதின சீட்டை உறை மேல வச்சு 14 நொடி வீடியோ எடுத்து அனுப்பியிருந்தான். உறையோட முன்பக்கம் மட்டும். ரெக்கார்டை வெளிய எடுக்கவே இல்லை. அதை அப்பவே கேட்டிருக்கணும். 20 டாலர் மிச்சம் பார்த்து 640 டாலர் போச்சு.

புகார் சொன்னதும் விற்றவன்: "ரெண்டாவது இல்ல மூணாவது பிரெஸ்ஸா இருக்கலாம், எல்லாம் அசல்தான்." லேபிள் திரும்பத் திரும்ப அடிச்சது உண்மை, அதெல்லாம் அசல்தான், விலைதான் குறைவு. ஆனா எந்த பிரெஸ்லயாவது மடிப்பை அச்சடிச்சு விப்பாங்களாடா? அதுக்கப்புறம் பதில் இல்லை.

சந்தைக்காரங்க: "பணம் எங்க வழியா வரலை. போலின்னு நிபுணர் சான்று இருந்தா இணைக்கவும்." பங்க் ரெக்கார்டுக்கு எந்த ஆபீஸ்ல சான்று குடுக்கிறாங்க? லென்ஸ் படம், ரன்-அவுட் படம், ஒலிப்பதிவு மூணும் அனுப்பினேன். அதே பதில் மறுபடி வந்தது, எழுத்து மாறாம. பணம் அனுப்புற செயலி: நண்பருக்கு அனுப்பினதுக்குப் பாதுகாப்பு கிடையாது. வங்கி: நீங்களே அனுமதிச்சது. நாலு இடம், 640 டாலர், ஒருத்தர் பொறுப்பில்லை.

விரிவா ஒரு வழிகாட்டி எழுதலாம்னுதான் உக்காந்தேன், இப்ப பொறுமை இல்லை. வாங்கறவங்க இதையாவது பண்ணுங்க. "நண்பர்" வழியில காசு அனுப்பாதீங்க, எத்தனை குறைச்சாலும். வீடியோவுல ரெக்கார்டை வெளிய எடுக்கச் சொல்லுங்க, ரெண்டு பக்க ரன்-அவுட்டும், தேதிச் சீட்டும் ஒரே ஓட்டத்துல, வெட்டு இல்லாம தெரியணும். மூலை மடிப்பு இருந்தா வெளிச்சத்தைப் பக்கவாட்டுல காட்டச் சொல்லுங்க, நிழல் விழணும். பார்சல் பிரிக்கறதை டேப் கிழிக்கறதுல இருந்து வீடியோ எடுங்க. நான் எடுக்கலை.

இன்னிக்குக் காலையில வேற ஒரு கணக்குல அதே படம் மறுபடி ஏறியிருக்கு. அதே சாய்வு, வலது மேல் மூலையில அதே மடிப்பு. இந்தத் தடவை 590.