வேர் பிடுங்கும் நெம்புகோல்: கன்றுக்குச் சரி, முதிர்ந்த புதருக்கு வேறு வழி

காட்டை ஆக்கிரமிக்கும் உண்ணிச்செடியை (லன்டானா) அரிவாளால் வெட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது சாகாது. தூரிலிருந்து முன்னைவிட அடர்த்தியாகத் தழைக்கும். அதேபோல் காட்டில் பரவும் அயல்நாட்டு மரமான சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்கிற மஞ்சக்கொன்னையும் அப்படித்தான். வேரோடு எடுக்க வேண்டும் என்பதால்தான் எங்கள் தன்னார்வக் குழுவுக்கு இந்த நெம்புகோல் பிடுங்கியை வாங்கினோம்.

அடியில் அகலமான இரும்புத் தட்டு, மேலே இரண்டு தாடைகள், நெஞ்சு உயரத்துக்கு ஒரு கைப்பிடி. அவ்வளவுதான். தண்டை மண்ணை ஒட்டிக் கவ்வவிட்டு, கைப்பிடியைப் பின்னால் சாய்க்கச் சாய்க்கத் தாடை இறுகும், அதே இழுப்பில் வேரும் மேலேறும். மழைக்குப் பிறகு மண் இளகியிருக்கும்போது கட்டைவிரல் பருமனுள்ள மஞ்சக்கொன்னைக் கன்றைப் பிடுங்கிப் பாருங்கள். முதலில் சுற்றிலும் மண் விரியும், பக்கவேர்கள் பட் பட்டென்று அறும், பிறகு ஆணிவேர் முழுசாக உருவிக்கொண்டு வரும். கடப்பாரை வேலையில் போகிற இடுப்பு இதில் பிழைக்கிறது.

காய்ந்த மண்ணில் கதை வேறு. தண்டு முறிந்து வேர் உள்ளேயே தங்கிவிடும், அப்புறம் தளிருக்குக் கேட்கவா வேண்டும். சரிவில் தட்டு நிற்காது. சேற்றில் புதையும், அடியில் பலகைத் துண்டு வைத்தால் சமாளிக்கலாம்.

பல தண்டுகள் பின்னிய பழைய உண்ணிப் புதரைத் தாடையால் கவ்வவே முடியாது. அதற்கு தில்லிப் பல்கலைக்கழகத்தின் சி. ஆர். பாபு குழுவினர் சொன்ன முறைதான் சரி: மண்ணுக்குக் கீழே 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில், தளிர்விடும் பகுதிக்கும் கீழாக வேரை வெட்டி, மீண்டும் வேர்பிடிக்காதபடி புதரைத் தலைகீழாகப் புரட்டி வைப்பது.

கருவியோடு வரும் தாளில் சொல்லாத இரண்டு விஷயங்கள். பிடுங்கிய குழியை அப்படியே விடாதீர்கள். கிளறிய மண்ணில் உறங்கும் விதைகளெல்லாம் விழித்துக்கொள்ளும், மிதித்து அழுத்திச் சருகு போடுங்கள். இன்னொன்று, இந்தக் கருவி கிடைத்ததும் புதிதாக வருகிறவர்களுக்குக் கை துறுதுறுக்கும். பார்க்க மஞ்சக்கொன்னை மாதிரியே இருக்கும் நம் நாட்டுச் சரக்கொன்றைக் கன்றும் போய்விடும். சரக்கொன்றையில், ஒரே காம்பில் ஜோடி ஜோடியாக இருக்கும் சிற்றிலை பெரிது, ஜோடிகள் குறைவு. மஞ்சக்கொன்னையில் சிற்றிலை சிறிது, ஜோடிகள் நிறைய. இதைக் காட்டிக்கொடுத்த பிறகே கைப்பிடியைக் கொடுக்கிறேன்.

வாங்குவதானால் சின்ன அளவே போதும். பெரியது பருத்த தண்டைக் கவ்வும் என்பது உண்மைதான். ஆனால் அத்தனை இரும்பைக் காட்டுக்குள் சுமக்க இரண்டாவது நாளே ஆள் கிடைக்காது.