மின்னூல் வாசிப்பானோடு பல வருடம்: கருவி பிடிக்கிறது, பூட்டுதான் பிடிக்கவில்லை

இ-இங்க் திரை உள்ள மின்னூல் வாசிப்பானைப் பல வருடங்களாகத் தினமும் பயன்படுத்துகிறேன். ஒரு பெரிய கடையின் கருவியில் தொடங்கினேன். இப்போது கையில் இருப்பது வேறொரு நிறுவனத்தின் கருவி. வாங்கிய புதிதில் எழுதும் விமர்சனங்களில் திரை, எடை, வேகம் எல்லாம் வந்துவிடும். காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தின் மேல் நமக்கு என்ன உரிமை இருக்கிறது என்பது மட்டும் வருடங்கள் ஓடிய பிறகுதான் தெரியவருகிறது. அதனால் இந்தப் பதிவில் அதைப் பற்றித்தான் அதிகம் இருக்கும்.

முதலில் கருவியைச் சொல்லிவிடுகிறேன். நீண்ட நேரம் வாசிக்க இதைவிட நல்ல திரையை நான் பார்த்ததில்லை. நுண்ணிய உறைகளுக்குள் இருக்கும் கறுப்பு, வெள்ளைத் துகள்கள் மின்னூட்டத்தால் இடம் மாறி எழுத்தாகின்றன. பக்கம் ஒருமுறை வந்து நின்றுவிட்டால், அதைத் தொடர்ந்து காட்ட மின்சாரம் தேவையில்லை. வாரக்கணக்கில் சார்ஜ் நிற்பது இதனால்தான். நல்ல வெயிலிலும் எழுத்து தெளிவாகத் தெரியும். குறை என்றால், பெரிய பக்க அளவில் வடிவமைத்த பிடிஎஃப் கோப்புகளுக்கு ஆறு அங்குலத் திரை லாயக்கில்லை. இன்னொன்று பேட்டரி. பழைய கருவியில் அதை ஒட்டி மூடியிருந்தார்கள். அது தளர்ந்தபோது கருவியே முடிந்தது. மின்னூல் கருவி தயாரிக்கும் கோபோ நிறுவனம் 2024-இல் வெளியிட்ட சில மாடல்களுக்கு உதிரிபாகமும் பழுதுபார்க்கும் வழிகாட்டியும் ஐஃபிக்சிட் என்ற பழுதுபார்ப்புத் தளம் மூலம் கிடைக்கின்றன. மற்ற நிறுவனங்களும் இதைச் செய்ய வேண்டும்.

சரி, பூட்டுக்கு வருவோம்.

பெரிய கடைகளில் வாங்கும் பெரும்பாலான மின்னூல்கள் டிஆர்எம் என்னும் பூட்டோடு வருகின்றன. கோப்பு மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். அதைத் திறக்கும் சாவி நம் கணக்கோடும் கருவியோடும் பிணைந்திருக்கும். அந்தக் கடை அனுமதித்த கருவியிலோ செயலியிலோ மட்டும்தான் புத்தகம் திறக்கும். 'வாங்கு' என்ற பொத்தானை அழுத்தும்போது இதெல்லாம் கண்ணில் படுவதில்லை. நீளமான விதிமுறைகளுக்குள் ஓர் இடத்தில், இது விற்பனை அல்ல, வாசிப்பதற்கான உரிமம்தான் என்று எழுதியிருக்கும். கலிபோர்னியா மாநிலம் இதற்காகவே ஒரு சட்டம் கொண்டுவந்தது. நுகர்வோருக்குக் கிடைப்பது உரிமம்தான் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் மின்பொருளை 'வாங்கு' என்று விற்கக் கூடாது என்கிறது அது. 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நிரந்தரமாகத் தரவிறக்கி வைத்துக்கொள்ளக்கூடிய கோப்புகளுக்கு இதில் விலக்கு உண்டு. அந்த விலக்கு எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் உண்மையான விற்பனைக்கும் வாடகைக்கும் இடையில் கோடு எங்கே விழுகிறது என்பதை அது சரியாகக் காட்டுகிறது.

பூட்டு அன்றாட வாசிப்பில் எங்கே இடிக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். எனக்கு வரிகளை அடையாளமிட்டு, பக்கத்திலேயே குறிப்பு எழுதிக்கொண்டே வாசிக்கும் பழக்கம். பழைய கருவியில் ஒரு கனமான வரலாற்று நூலை முடித்துவிட்டு, குறிப்புகளைக் கணினிக்கு ஏற்றுமதி செய்தேன். முதல் சில அத்தியாயங்கள் ஒழுங்காக வந்தன. அதற்கப்புறம் நான் எழுதிய குறிப்புகள் மட்டும் இருந்தன; நூலின் வரி இருக்க வேண்டிய இடத்தில் மூன்று புள்ளிகள். 'இது முதல் அத்தியாயத்தில் சொன்னதோடு முரண்படுகிறதே' என்று என் குறிப்பு இருக்கிறது, எது முரண்படுகிறது என்று பார்த்தால் மூன்று புள்ளி. பதிப்பாளர் வைத்த நகல் வரம்பைத் தாண்டிவிட்டதாகக் கீழே ஒரு வரி விளக்கம். விடுபட்ட வரிகளைக் கருவியைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்ய வேண்டியதாயிற்று.

பதிப்புரிமைச் சட்டங்கள் பொதுவாகவே ஆய்வுக்கும் விமர்சனத்துக்கும் மேற்கோள் எடுக்க இடம் கொடுக்கின்றன. எவ்வளவு எடுக்கலாம் என்பது நோக்கத்தையும் சூழலையும் பார்த்து முடிவாகும் விஷயம். மென்பொருளுக்கு நோக்கம் தெரியாது. அது எழுத்துகளை எண்ணிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துகிறது. சட்டம் வாசகனுக்குக் கொடுத்ததைப் பூட்டு எடுத்துக்கொள்கிறது. டிஆர்எம் மேல் எனக்குள்ள முதல் கோபம் இதுதான்.

இரண்டாவது கோபம் கண் தெரியாதவர்கள் சார்ந்தது. என் அப்பாவுக்குக் கண் புரை முற்றியிருந்த மாதங்களில் எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் வாசிக்க முடியவில்லை. உரையைக் குரலாக மாற்றும் வசதி கருவியிலேயே இருந்தது. ஒரு நூல் வாசித்துக் காட்டியது, அடுத்த நூலில் அந்தப் பொத்தான் மங்கிக் கிடந்தது. கருவி ஒன்றுதான், கணக்கும் ஒன்றுதான். இதன் பின்னணி 2009-க்குப் போகிறது. அந்த வருடம் பிப்ரவரியில் வந்த அமேசானின் வாசிப்பான் கிண்டில் 2, எந்த நூலையும் இயந்திரக் குரலில் வாசித்துக் காட்டியது. அமெரிக்க எழுத்தாளர் சங்கமான ஆதர்ஸ் கில்டு, இது ஒலிநூல் உரிமையில் கைவைப்பது என்று எதிர்த்தது. அமேசான் பின்வாங்கி, ஒவ்வொரு நூலுக்கும் உரிமையாளரே அந்த வசதியை அணைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. பார்வையற்றோர் அமைப்புகள் நியூயார்க்கில் அந்தச் சங்கத்தின் அலுவலகம் முன்னால் போராடின.

எழுத்தாளர்களின் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. ஒலிநூல் வருமானம் பலருக்குப் பெரியது. ஆனால் வீட்டில் உட்கார்ந்து ஒரு புத்தகத்தைத் தனக்காகச் சத்தமாக வாசிக்க வைப்பது எந்த வகையிலும் புதுப் பிரதி எடுப்பதோ பொதுவெளியில் நிகழ்த்துவதோ ஆகாது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக நூல்களை அணுகக்கூடிய வடிவத்துக்கு மாற்ற வழிசெய்யும் மராகேஷ் ஒப்பந்தம் 2013-இல் கையெழுத்தானது, 2016 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. முதலில் ஏற்பளித்த நாடு இந்தியா. உலக நாடுகள் ஒப்பந்தம் போட்டு ஒப்புக்கொண்ட ஒன்றை ஒரு பதிப்பாளர் செட்டிங்ஸ் பக்கத்தில் அணைத்துவிட முடிகிறது என்றால், அது தவறு.

அப்புறம், புத்தகம் காணாமல் போவது. 2009 ஜூலையில், உரிமை இல்லாத ஒரு நிறுவனம் கடையில் ஏற்றியிருந்த ஜார்ஜ் ஆர்வெல் நூல்களை அமேசான் வாசகர்களின் கிண்டில்களிலிருந்தே அழித்தது. காசைத் திருப்பிக் கொடுத்தது. ஒரு பள்ளி மாணவன் அதில் எழுதி வைத்திருந்த குறிப்புகள் பயனற்றுப் போனதாக வழக்குத் தொடுத்தான். ஜெஃப் பெசோஸ் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். கடைக்காரர் உரிமை இல்லாத சரக்கை விற்றுவிட்டார் என்பது உண்மை. அதற்கான வழக்கு கடைக்கும் உரிமையாளருக்கும் இடையில் நடக்க வேண்டும். வாங்கியவரின் அலமாரிக்குள் கை நீள என்ன நியாயம்?

மைக்ரோசாஃப்ட் 2019-இல் தன் மின்னூல் கடையை மூடியது இன்னும் தெளிவான பாடம். அங்கே எந்தத் தகராறும் இல்லை. வியாபாரம் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள், அவ்வளவுதான். ஏப்ரலில் அறிவிப்பு வந்தது, ஜூலையில் சர்வர் நின்றது, வாங்கிய புத்தகங்கள் திறக்காமல் போயின. முழுத் தொகையும் திருப்பித் தந்தார்கள். குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர் கொடுத்தார்கள். நேர்மையாக நடந்துகொண்டார்கள் என்றுதான் சொல்வேன். ஆனாலும் அந்த வாசகர்களின் குறிப்புகள் புத்தகத்தோடு போய்விட்டன. இவ்வளவு பெரிய நிறுவனம் நல்ல மனதோடு மூடினாலே இதுதான் நிலைமை. பணமில்லாமல் மூடும் சின்னக் கடையில் அதுவும் கிடைக்காது.

இதற்கெல்லாம் பதிலாகச் சொல்லப்படுவது ஒன்றே ஒன்று: பூட்டு இல்லாவிட்டால் திருட்டுப் பிரதி பெருகும், எழுத்தாளர் பட்டினி கிடப்பார். எழுத்தாளருக்குக் காசு போய்ச் சேர வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. திருட்டுப் பிரதியை நான் தொடுவதும் இல்லை, பிறருக்கு அனுப்புவதும் இல்லை. ஆனால் பூட்டு அந்த வேலையைச் செய்யவில்லை. பூட்டிய கோப்பையும் அதைத் திறக்கும் சாவியையும் ஒரே ஆளின் கருவியில்தான் வைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் அவரால் வாசிக்கவே முடியாது. அதனால் இந்தப் பூட்டுகள் ஒவ்வொன்றாக உடைபடுகின்றன. உலகத்தில் ஒரே ஒருவர் ஒரு தடவை உடைத்தால் போதும், அந்தப் பிரதி எங்கும் போய்விடும். திருட்டுப் பிரதியை வாசிப்பவருக்குப் பூட்டு என்று ஒன்று இருந்ததே தெரியாது. அது காசு கொடுத்து வாங்கியவரிடம் மட்டும்தான் நிற்கிறது.

இசையில் இது நடந்து முடிந்த கதை. ஆப்பிள் 2009-இல் ஐடியூன்ஸ் கடையின் பாடல்களிலிருந்து டிஆர்எம்மை எடுத்துவிட்டது. பாட்டு வியாபாரம் அதனால் செத்துவிடவில்லை. அறிவியல் புனைவு வெளியிடும் டோர் பதிப்பகம் 2012-இல் தன் மின்னூல்களின் பூட்டை நீக்கியது. ஒரு வருடம் கழித்து, திருட்டுப் பிரதி கூடியதற்கு அடையாளம் தெரியவில்லை என்று அதன் பிரிட்டன் பிரிவு சொன்னது. மற்ற பெரிய பதிப்பகங்கள் இன்னும் அந்த வழிக்கு வரவில்லை. பூட்டு வாசகரைக் கடையோடு கட்டிப்போடுகிறது, அதனால் கடைக்கு லாபம். பதிப்பாளருக்கு அதில் என்ன லாபம் என்று எனக்கு யாரும் இதுவரை விளக்கவில்லை.

சட்டம் இந்த விஷயத்தில் நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்காவின் 1998-ஆம் வருட டிஎம்சிஏ என்ற பதிப்புரிமைச் சட்டம், பூட்டை உடைப்பதையே தனிக் குற்றமாக்கியது. எதற்காக உடைத்தீர்கள் என்பது பெரும்பாலும் இரண்டாம் பட்சம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை விலக்குப் பட்டியல் வெளியாகும், அதில் இடம்பிடிக்க ஒவ்வொரு தடவையும் வாதாட வேண்டும். அடோபி மின்னூல் பூட்டைத் திறக்கும் மென்பொருளை எழுதிய ரஷ்ய நிரலாளர் திமித்ரி ஸ்க்லியாரோவ், 2001 ஜூலையில் லாஸ் வேகாஸில் ஒரு மாநாட்டில் பேசிவிட்டுத் திரும்பும்போது கைதானார். அவருடைய நாட்டில் அந்த மென்பொருள் சட்டவிரோதம் அல்ல. அவர் வேலை பார்த்த எல்காம்சாஃப்ட் நிறுவனத்தை 2002 டிசம்பரில் நடுவர் குழு விடுவித்தது. இந்தியாவில் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைத்தான் தண்டிக்கிறது. நோக்கத்தைப் பார்க்கும் இந்த அணுகுமுறைதான் எனக்கு நியாயமாகப் படுகிறது.

நூலக இரவல் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வாசிப்பில் கணிசமான பங்கு இரவல் மின்னூல்கள். நூலகங்களும் இவற்றை வாங்குவதில்லை, உரிமம்தான் எடுக்கின்றன. ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் 2011-இல், ஒரு மின்னூலை 26 முறை இரவல் கொடுத்ததும் நூலகம் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்று வைத்தது. இணைய நூலகமான இன்டர்நெட் ஆர்கைவ் இதற்கு மாற்றாக, தன்னிடம் உள்ள அச்சுப் பிரதியை ஸ்கேன் செய்து, ஒரு பிரதிக்கு ஒரு வாசகர் என்ற கணக்கில் இரவல் கொடுத்தது. 2020 பெருந்தொற்றின்போது அந்தக் கணக்கைத் தற்காலிகமாகக் கைவிட்டது. நான்கு பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. 2023 மார்ச்சில் ஆர்கைவ் தோற்றது, 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டிலும் தோற்றது. கணக்கைக் கைவிட்டதை என்னால் ஆதரிக்க முடியவில்லை. எழுத்தாளர்கள் கோபப்பட்டது நியாயம். ஆனால் தீர்ப்பு அதோடு நிற்காமல், ஒன்றுக்கு ஒன்று இரவலையும் சேர்த்தே தவறு என்றது. காசு கொடுத்து வாங்கிய ஒரு பிரதியை ஒரு நேரத்தில் ஒருவருக்குக் கொடுப்பதுதான் நூலகத்தின் வேலை. அது காகிதத்தில் நடந்தால் சரி, திரையில் நடந்தால் குற்றம் என்பதை நான் ஏற்கவில்லை.

இப்போது நான் செய்வது இது. ஒரு மின்னூல் வேண்டுமென்றால் முதலில் பதிப்பாளரின் சொந்தத் தளத்தில் தேடுகிறேன்; பல கருவிகளில் திறக்கும் ஈபப் வடிவத்தில் பூட்டில்லாத கோப்பு அங்கே கிடைக்கும் வாய்ப்பு அதிகம். கடைகளிலும் சில நூல் பக்கங்களில் டிஆர்எம் உண்டா இல்லையா என்ற விவரம் இருக்கும், அதைப் பார்க்காமல் வாங்குவதில்லை. வாங்கிய அன்றே காலிபர் என்ற மின்னூல் மேலாண்மை மென்பொருளில் சேர்த்து, வெளி ஹார்டு டிஸ்கில் ஒரு பேக்கப் எடுத்துவிடுகிறேன். பூட்டோடு மட்டும் கிடைக்கும் நூலை நூலகத்தில் இரவல் எடுக்கிறேன், வைத்துக்கொள்ள வேண்டியதென்றால் அச்சுப் புத்தகம் வாங்குகிறேன். கருவியைத் தேர்ந்தெடுக்கும்போதும் யூஎஸ்பி வழியாகக் கோப்பை நேரடியாகப் போட முடியுமா, ஈபப் திறக்குமா, கணக்கில் நுழையாமல் இயங்குமா என்பதைத்தான் கேட்கிறேன். கிண்டில் நூல்களைக் கணினிக்குத் தரவிறக்கி யூஎஸ்பி மூலம் மாற்றும் வசதியை அமேசான் 2025 பிப்ரவரி 26-ஆம் தேதி நிறுத்தியதிலிருந்து, இந்தக் கேள்விகளை நண்பர்களும் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் செய்கிறேன்: பூட்டோடு வரும் நூலின் பதிப்பகத்துக்கு, பூட்டில்லாமல் கொடுத்தால் இன்றே வாங்குகிறேன் என்று ஒரு மின்னஞ்சல். பெரும்பாலும் பதில் வராது. ஒரு சிறிய பதிப்பகத்திலிருந்து மட்டும் விரிவான பதில் வந்தது. டிஆர்எம் வேண்டுமா வேண்டாமா என்று கடையின் பதிவேற்றப் பக்கத்தில் ஒரு கேள்வி இருக்கிறதாம். அதைச் சேர்த்தால்தான் பாதுகாப்பு என்று நினைத்து எல்லா நூல்களுக்கும் 'ஆம்' கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய அடுத்த நூல் பூட்டில்லாமல் வந்தது. அன்றைக்கே வாங்கிவிட்டேன்.