நீர் புகாத பூட்ஸ், நனைந்த கால்: சில குளிர்காலங்களின் அனுபவம்

சைக்கிளுக்கென்றே செய்த என் குளிர்கால பூட்ஸுக்குப் புது ஜிப் தைத்து வாங்கிய வாரத்திலேயே நண்பர் ஒருவர் கேட்டார்: அதே ரகத்துக்கு விலையைக் குறைத்திருக்கிறார்கள், வாங்கிவிடலாமா? நீர் புகாத சவ்வு, அதற்குள் கதகதப்பான மெல்லிய பஞ்சடுக்கு, கணுக்காலைத் தாண்டி ஏறும் கழுத்து, அடியில் கிளீட் (பாதத்தைப் பெடலோடு பிணைக்கும் சிறு உலோகத் துண்டு) பூட்டத் துளைகள். இந்த விவரமெல்லாம் அவருக்கு அத்துப்படி. வருடக்கணக்கில் போட்டு ஓட்டிய பிறகு என்ன தோன்றுகிறது என்பதைத்தான் அவர் கேட்டார். எனக்குப் பெரும்பாலும் கோபம்தான் தோன்றுகிறது. ஆனால் கோபத்தை மட்டும் எழுதினால் அந்த பூட்ஸுக்கு அநியாயம் செய்ததாகிவிடும்.

எனவே முதலில் அதற்குரிய மரியாதை. மழையில்லாத வறண்ட குளிரில் இதற்கு இணையாக நான் எதையும் போட்டதில்லை. காற்று 0 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவரின் வெறுந்தோலுக்கு அது மைனஸ் 6 டிகிரி போல உறைக்கும். பாதத்தின் பாடு இன்னும் மோசம். பெடல் மேலே வந்து முன்னோக்கி நகரும்போது வண்டியின் வேகத்தோடு பெடலின் வேகமும் சேர்ந்துகொள்கிறது. எதிர்க்காற்றை முதலில் வாங்குவது கால்விரல்கள். கோடைக்கால ஷூவில் காற்றோட்டம் வேண்டும் என்று மேலே வலைத்துணியும் அடியில் துளைகளும் வைத்திருப்பார்கள். குளிர்காலத்தில் அதைப் போட்டுப் புறப்பட்டால் வழியிலேயே விரல்கள் மரத்துவிடும். இந்த பூட்ஸுக்குள் அந்தக் காற்று எட்டிப் பார்ப்பதில்லை. உறைபனி படிந்த காலைகளில் வீட்டிலிருந்து கிளம்பிய சூட்டோடு வேலைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறேன். வறண்ட குளிர் மட்டுமே உள்ள ஊரில் இருப்பவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வேன்.

இனி அந்தக் கழுத்துக்கு வருகிறேன்.

மழை பெய்கிறது. முழங்காலில் விழும் நீர் காலோடு ஒட்டிய கால்சட்டைத் துணியில் ஊறி, முன்னெலும்பு வழியே மெல்லக் கீழிறங்குகிறது. பூட்ஸின் கழுத்தை அடைந்ததும் அது வெளிப்பக்கமாக வழிந்தாக வேண்டும். வழிவதில்லை. கால்சட்டையின் நுனி பூட்ஸுக்குள் செருகியிருப்பதால், துணியே நீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. முதலில் தெரிவது குதிகாலுக்கு மேலே, பின்நரம்பின் (குதிகாலைக் கெண்டைக்காலோடு இணைக்கும் தசைநாண்) ஓரமாக, நூல் பிடித்தாற்போல் ஒரு குளிர்ந்த கோடு. சற்று நேரத்தில் அந்தக் கோடு குதிகாலுக்கு அடியில் ஈரமாகப் பரவும். அதன் பிறகு ஒவ்வொரு மிதிக்கும் உள்ளங்காலின் கீழ் தண்ணீர் விரல் பக்கம் போய்த் திரும்புவதை உணர முடியும். இறங்கி நடந்தால் சளக் சளக் என்று சத்தமும் கேட்கும்.

இங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உள்ளே வந்த நீருக்கு வெளியேற வழியே இல்லை. வெளியிலிருந்து ஒரு சொட்டை உள்ளே விடாத சவ்வு, உள்ளேயிருந்தும் ஒரு சொட்டை வெளியே விடாது. வலைத்துணி ஷூ நனைந்தால் நனைந்த வேகத்திலேயே வடிந்துவிடும். இது வடியாது. வீட்டுக்கு வந்து கழற்றிக் கவிழ்த்தால் தண்ணீர் ஊற்றுகிறது. அட்டைப் பெட்டியிலோ 10,000 மில்லிமீட்டர் என்று பெருமையாக அச்சிட்டிருக்கிறது. எவ்வளவு உயரமான நீர்த்தூணின் அழுத்தத்தைத் துணி தாங்குகிறது என்பதைச் சோதித்துப் போடும் எண் அது. சோதனையில் பொய்யில்லை. 10 மீட்டர் உயரத் தண்ணீரைத் தாங்கும் துணியைப் பிடித்துத் தைத்துவிட்டு, எந்த அழுத்தமும் இல்லாமல் சும்மா வழிந்து வரும் மழைநீருக்கு மேலே வாசலைத் திறந்து வைத்திருக்கிறார்கள். அந்த வாசலைப் பற்றிப் பெட்டியில் ஓர் எண்ணும் இல்லை.

கழுத்தில் பட்டை இருக்கிறதே, இறுக்கிக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். இறுக்கிப் பார்க்காமலா இருப்பேன்? கணுக்காலுக்கு மேலே கால் வட்டமாக இல்லை என்பதுதான் சிக்கல். பின்நரம்பு தடிமனாகப் புடைத்து நிற்கிறது. அதன் இருபுறமும் விரலை வைத்து அழுத்தினால் ஒரு பள்ளம் தெரியும். பட்டையை எவ்வளவு இழுத்தாலும் அது முன்னெலும்பின் மேலும் நரம்பின் மேலும் படிகிறதே தவிர, பள்ளத்தில் படிவதில்லை. போதாக்குறைக்கு, பெடல் சுற்றச் சுற்றக் கணுக்கால் மடங்கி நிமிர்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் கழுத்தின் பின்பக்கம் கொஞ்சம் விரிந்து கொஞ்சம் மூடுகிறது. கடையில் நின்றுகொண்டு போட்டுப் பார்ப்பவருக்கு இது தெரியாது. மழையில் ஓட்டினால்தான் தெரியும்.

கால் நனைந்தால் என்ன, குளியலில் நனைவதில்லையா என்று அலட்சியமாகச் சொல்பவர்களும் உண்டு. அசையாத காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்துகிறது. பஞ்சடுக்கு கதகதப்பைத் தருவது அதற்குள் அடைபட்ட காற்றினால். அந்தக் காற்றின் இடத்தில் நீர் நிறைந்துவிட்டால் பஞ்சு இருந்தும் பயனில்லை. உடம்போ, நடு உடலின் சூட்டைக் காப்பாற்றுவதற்காகக் கைகால்களுக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்துக்கொள்கிறது. விரல்களுக்குச் சூடு வருவது நின்று, இருப்பதும் தண்ணீரோடு போகிறது. முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் நின்ற படைவீரர்கள் பலருக்குப் பாதம் கெட்டது உறைநிலைக்கு மேலான வெப்பநிலையில்தான். நீண்ட நேரம் ஈரத்திலேயே நின்றது அதற்குப் போதுமானதாக இருந்தது. சைக்கிளில் போகும் ஒரு மணி நேரத்தில் அந்த நிலை வராது. ஆனால் 5 டிகிரியில் பெய்யும் மழை, மைனஸ் 5 டிகிரி வறண்ட காலையைவிட என் கால்களை அதிகம் வருத்தியிருக்கிறது. மரத்துப்போன பாதத்தை ஹீட்டரின் மேல் வைக்க வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுடுவதே தெரியாமல் தோல் வெந்துவிடும். ஈரத்தைத் துடைத்து, உலர்ந்த சாக்ஸ் போட்டு, மெதுவாகத்தான் சூடேற வேண்டும். விரல் வெளுத்து மெழுகாக இறுகியிருந்தால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

தயாரிப்பாளர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. நீர் புகாதபடி கழுத்தை ரப்பரால் இறுக்கிக் கட்டினால் இரத்த ஓட்டம் குறையும், வியர்வையும் உள்ளேயே நிற்கும். உடலில் வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமாக உள்ள இடங்களில் உள்ளங்காலும் ஒன்று. சவ்வின் நுண்துளைகள் வழியே வியர்வை ஆவியாகப் போகும் என்பது உண்மைதான். ஆனால் மேல்துணி முழுக்க நனைந்து, சேறும் அப்பிக்கொண்டால் அந்த ஆவி வெளியேறுவது ஏறக்குறைய நின்றுவிடும். மேல்துணியில் நீர் முத்து முத்தாக உருண்டு ஓடும்படி பூசிய பூச்சு ஒரு குளிர்காலத்திலேயே தேய்கிறது. அதைத் திரும்பத் திரும்பப் பூசாவிட்டால், மழையே உள்ளே வராத நாளிலும் சாக்ஸ் ஈரமாகத்தான் இருக்கும். கம்பளி சாக்ஸ் இதைப் பொறுத்துக்கொள்ளும். தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் கம்பளி தொட்டால் ஈரமாகத் தெரியாது. பருத்தி சாக்ஸை இந்தப் பருவத்தில் அலமாரியிலேயே விட்டுவிடுங்கள்.

கழுத்துக்கு நான் கண்ட தீர்வு, பூட்ஸில் எதையும் மாற்றவில்லை. ஓட்டு வீட்டில் மேல் ஓடு கீழ் ஓட்டின் மீது படிந்திருப்பதுபோல, கால்சட்டை பூட்ஸுக்கு வெளியே, கழுத்தை மூடியபடி தொங்க வேண்டும். அவ்வளவுதான். தளர்வான மழைக் கால்சட்டை, கீழே ஒரு வெல்க்ரோ பட்டை. சங்கிலிப் பக்கம் மட்டும் கொஞ்சம் கூடுதலாக இழுத்துக் கட்ட வேண்டும்; இல்லாவிட்டால் பல்சக்கரம் கடித்துவிடும். காலோடு ஒட்டிய கால்சட்டையில்தான் ஓட்டுவேன் என்பவர் கணுக்காலில் நியோபிரீன் எனும் நுரை ரப்பர் உறையைக் கழுத்தின் மேலாக மாட்டிக்கொள்ளலாம். அது தூறலைத் தாங்கும். கொட்டும் மழையில் நீர் வருவதைத் தாமதப்படுத்தும், தடுக்காது.

இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பூட்ஸைவிட எனக்கு அதிக நிம்மதி கொடுத்தது, முன் மட்கார்டின் நுனியில் தொங்கவிட்ட ஒரு ரப்பர் துண்டு. மழையில் பாதத்தை நனைக்கும் தண்ணீரில் பெரும்பங்கு வானத்திலிருந்து வருவதில்லை. முன் டயர் சாலையிலிருந்து வாரி எடுத்து நேராகப் பாதத்தின் மேல் வீசுகிறது. மழை நின்ற பிறகும், சாலை காயும் வரை வீசிக்கொண்டே இருக்கிறது. வண்டியோடு வரும் மட்கார்டு பெரும்பாலும் பெடலின் உயரத்திலேயே முடிந்துவிடும். அதன் கீழே, தரைக்குச் சில விரற்கடை மேலே வரை, டயரைவிட அகலமான தடித்த ரப்பரையோ வளையும் பிளாஸ்டிக்கையோ இரண்டு போல்ட் போட்டு மாட்டினேன். மாட்டிய பிறகு வந்த முதல் ஈரச் சாலையில் பூட்ஸைக் குனிந்து பார்த்தேன். முன்புறம் தூசியோடு உலர்ந்திருந்தது. இந்தத் துண்டைப் பற்றி யார் கேட்டாலும் நான் உற்சாகமாகிவிடுகிறேன். காரணம் இல்லாமல் இல்லை: காலில் போடும் எந்தப் பொருளும் இவ்வளவு நீரைத் தடுத்து நான் பார்த்ததில்லை. நடைபாதை விளிம்பில் ஏற்றி இறக்கும்போது அது உரசி மடங்கும் என்பது ஒன்றே குறை.

கிளீட் பற்றிச் சுருக்கமாக. அது எஃகு, அதைப் பிடிக்கும் போல்டும் எஃகு. இரண்டும் அடிப்பகுதியைத் துளைத்துக்கொண்டு குளிரை நேராகப் பாதத்தின் முன்மேட்டுக்குக் கொண்டுவருகின்றன. பாதத்துக்கு அடியில் உள்ள உள்தகட்டை எடுத்துவிட்டு, போல்ட் துளைகளின் மேல் நீர் புகாத டேப் ஒட்டி, அதன்மேல் அடைத்த காற்றறைகள் கொண்ட நுரைத்தாளை வெட்டிப் போட்டால் பெரும் வித்தியாசம் தெரியும். கிளீட் தேவைப்படாத தட்டைப் பெடலுக்கு மாறுவதற்குத் தயக்கம் இல்லாதவருக்கு இந்தத் தொல்லையே கிடையாது. கனமான நடை பூட்ஸோடு ஓட்டிவிட்டுப் போகலாம்.

பராமரிப்பிலும் இந்த பூட்ஸ் பொறுமையைச் சோதிக்கிறது. உள்ளே நனைந்தால் ஓர் இரவில் காயாது. உள்தகட்டை வெளியே எடுத்து, செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஈரம் ஏறியதும் தாளை மாற்றி, மீண்டும் திணிக்க வேண்டும். அவசரப்பட்டு அடுப்பருகே வைத்தால் பசை விட்டுவிடும். மறுநாள் காலையும் மழை என்றால் மாற்று ஷூ வேண்டும். அதாவது நீர் புகாத பூட்ஸ் வைத்திருப்பவருக்கு, தொடர்ந்து மழை பெய்யும்போது இன்னொரு ஜோடி அவசியம். ஜிப் போன கதையும் இதோடு சேர்ந்ததுதான். பனி உருகுவதற்காகச் சாலையில் தூவும் உப்பும் மணலும் ஜிப்பின் பற்களுக்குள் புகுந்து, இழுப்பானை அரித்துவிட்டன. தைத்துக் கொடுத்தவர் பற்களின் இடுக்கில் படிந்த வெள்ளைப் படிவத்தை நகத்தால் சுரண்டிக் காட்டினார். ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரில் துடைத்து மெழுகு தேய்த்தால் நீடிக்கும் என்றார். ஜிப்பைப் பின்நரம்பின் பக்கம், சேறும் உப்பும் வந்து படியும் இடத்தில் வைத்தவரை என்ன சொல்வது?

ஆக, நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். வறண்ட குளிரில் இதைவிட நல்ல பூட்ஸ் எனக்குத் தெரியாது என்று மேலே எழுதியதில் ஒரு சொல்லையும் திரும்பப் பெறவில்லை. என் பழைய ஜோடியை நானும் தூக்கிப் போடப் போவதில்லை. ஆனால் அவர் ஓட்டும் பாதையில் குளிர்காலம் என்றாலே மழையும் சகதியும்தான். முதலில் முன் மட்கார்டுக்கு ரப்பர் துண்டு, பிறகு தளர்வான மழைக் கால்சட்டை, கம்பளி சாக்ஸ், இப்போதுள்ள ஷூவின் மேல் நியோபிரீன் உறை. நனைந்தாலும் உறை விரைவில் காயும், கிழிந்தால் உறையை மட்டும் மாற்றலாம். முதலில் கிழிவது கிளீட்டுக்காக வெட்டிவிட்ட அடிப்பகுதிதான். அதை அறிந்தே வாங்க வேண்டும்.

விலை குறைப்பைப் பார்த்து மனம் கேட்காமல் வாங்கித்தான் தீர்வதென்றால், தடித்த சாக்ஸைக் கையோடு எடுத்துப் போய், அதைப் போட்டுக்கொண்டு அளவு பார்க்கட்டும். விரல்கள் ஐந்தும் உள்ளே தாராளமாக அசைய வேண்டும். இறுக்கமான பூட்ஸில் இரண்டு சாக்ஸ் போடுவதைவிடத் தளர்வான பூட்ஸில் ஒன்று போடுவதே சூடு. பிறகு கழுத்துப் பட்டையை இறுக்கி, பாதத்தை மடக்கி நீட்டி, பின்நரம்பின் பக்கப் பள்ளத்தில் ஒரு விரலை விட்டுப் பார்க்கட்டும். விரல் சுலபமாக இறங்கினால் அந்த ஜோடியைக் கடையிலேயே வைத்துவிட்டு வரலாம்.