ஷாட்டக், செயின்ட் ஜான்ஸ்: இரு பள்ளிகள், இரு முடிவுகள்

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து ஃபேரிபோ நகரிலுள்ள ஷாட்டக் பள்ளியும், விஸ்கான்சின் மாநிலத்து டெலஃபீல்டில் 1884-இல் சிட்னி ஸ்மைத் நிறுவிய செயின்ட் ஜான்ஸ் ராணுவப் பள்ளியும் ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த எபிஸ்கோப்பல் திருச்சபையின் மடியில் வளர்ந்தவை. டெலஃபீல்டுக்கு அருகே நஷோட்டா ஹவுஸ் குருமடத்தை 1842-இல் தொடங்கியவர்களுள் ஒருவரான ஜேம்ஸ் லாயிட் பிரெக்தான் 1858-இல் ஃபேரிபோவிலும் கல்விப் பணிக்கு வித்திட்டார்.

செயின்ட் ஜான்ஸ், 1995-இல் நார்த்வெஸ்டர்ன் ராணுவ, கடற்படைப் பள்ளியுடன் இணைந்த பின்னரும் சீருடை வாழ்வைத் தொடர்ந்தது. ஷாட்டக்கோ 1972-இல் செயின்ட் மேரிஸ் பெண்கள் பள்ளியோடு ஒன்றிணைந்து, 1974-இல் ராணுவப் பயிற்சியைக் கைவிட்டது; இன்று ஐஸ் ஹாக்கியே அதன் அடையாளம். ஆயினும், யாரும் வற்புறுத்தாமலே காக்கப்படும் மரபு என்பதால் என்னை அதிகம் நெகிழ்விப்பது அங்குள்ள 'கிராக் ஸ்குவாட்' என்னும் மாணவர் அணிவகுப்புக் குழுதான்: ஒரு கட்டளைச் சொல்லும் ஒலிக்காத அமைதியில், துப்பாக்கி ஏந்திய கைகள் அனைத்தும் ஒன்றுபோல் அசைகின்றன.