அழிஞ்ச படத்தை எடுத்துத் தந்த கடை, திருகோணமலை

பென்டிரைவ்ல இருந்த அம்மாவின்ட படமெல்லாம் போயிட்டுது எண்டு ரெண்டு கிழமையா நித்திரை இல்ல, முதல் போன கடையில ஒண்டும் செய்யேலாது எண்டு கையை விரிச்சிட்டாங்கள். பிறகுதான் பத்திரகாளி அம்மன் கோயிலடியில இருக்கிற இந்தச் சின்னக் கம்ப்யூட்டர் கடைக்குப் போனன். அண்ணா முதல் கேட்டதே "அழிஞ்சாப் பிறகு இதில ஏதும் ஏத்தினீங்களோ தங்கச்சி?" இல்லையெண்டன். "அப்ப பயப்பிடாதேங்கோ."

டிலீட் பண்ணினா பட்டியல்ல இருந்துதான் போகுமாம், அதுக்கு மேல புதுசா ஏதும் எழுதுபடும் வரைக்கும் உள்ள அப்பிடியே கிடக்குமாம். முழுசா ஒரு கொப்பி எடுத்து அதிலதான் வேலை செய்தவர்.

படங்களோட நான் எப்பவோ அழிச்ச வேலை அப்ளிகேசன் ஒண்டும் வந்திச்சு. ப்ரொப்பட்டீஸைத் திறந்து காட்டினார், கடைசியா சேவ் பண்ணின ஆள் எண்ட இடத்தில நான் டைப் அடிக்கக் குடுத்த கொமினிகேசன் கடையின்ட பேர்! திக்கெண்டிட்டுது. அமெரிக்காவில ஒரு தொடர் கொலைகாரன் ஆப்பிட்டதும் இப்பிடித்தான் எண்டார்.

வீட்ட வந்து விடிய விடிய வாசிச்சன். டெனிஸ் ரேடர், கன்சாஸில விச்சிட்டா பக்கம், 1974ல இருந்து 1991 வரைக்கும் 10 பேரைக் கொலை செய்தவன், பிடிகே (இங்கிலீசில கட்டு, சித்திரவதை செய், கொல்லு எண்டதின்ட முதல் எழுத்துகள்) எண்டு தனக்குத் தானே பேர் வச்சவன். 2004ல திரும்பக் கடிதம் போடத் தொடங்கி, ப்ளொப்பி டிஸ்க்ல அனுப்பினா கண்டுபிடிப்பீங்களோ எண்டு பொலிசிட்டயே கேட்டிருக்கிறான், அவங்களும் பேப்பர்ல விளம்பரம் போட்டு பிரச்சினையில்ல எண்டு சொல்ல, 2005 பெப்ரவரியில டீவி ஸ்டேசனுக்கு டிஸ்க்கை அனுப்பிட்டான். அதில அழிச்சிருந்த வேர்ட் பைல்ல ஒரு லூத்தரன் சேர்ச்சின்ட பேரும் டெனிஸ் எண்ட பேரும். அந்தச் சேர்ச் சபைத் தலைவரே அவன்தான். அவன்ட மகளின்ட பழைய மருத்துவ மாதிரியில டிஎன்ஏ பாத்து உறுதியாக்கி 25ம் திகதி பிடிச்சாச்சு. அந்தப் பிள்ளைக்குத் தெரியாமலே செய்தது எனக்கு மனசுக்கு ஒரு மாதிரித்தான் இருக்கு, ஆனா 30 வருசமா நீதிக்குக் காத்திருந்த சனத்தை நினைச்சா பிழையெண்டு சொல்லவும் வாய் வருகுதில்ல. ஒண்டுக்குப் பின்னால ஒண்டா 10 ஆயுள் தண்டனை, குறைஞ்சது 175 வருசம்.

கடைக்கு வாறன். மூண்டு நாள், 4,500 ரூபா. இருக்க இடமில்ல, வெக்கை. சில படம் பாதிக்கு மேல சாம்பல் நிறமா வந்திருக்கு. ஆனா கோணேசர் கோயிலுக்குப் போற வழியில அம்மா மானுக்கு வாழைப்பழத் தோல் நீட்டுற படம் முழுசா இருக்கு, கையில காப்பு வரைக்கும் தெரியுது.

பழைய லப்டொப்பை விக்கிற யோசனை இருந்தது, அதுக்கு முதல் அவரிட்டக் குடுத்து மேல திரும்ப எழுதி அழிக்கச் சொல்லியிருக்கிறன்.